உப்புத் தண்ணீர், சும்மா தண்ணீர்

கம்பவுண்டர் வேலை என்பது, டாக்டர் வாயால் சொன்னதைக் கையால் செய்துவிட்டு, பிறகு எது நடந்தாலும் வாயைத் திறக்காமல் நிற்கிற வேலை.

தராசும் கல்வமும் வைத்த மேஜைக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாமெல்லாம் ஒரே பொதியைச் சுமந்த கழுதைகள். நமக்குள் மறைக்க என்ன இருக்கிறது?

மேட்டூரில் அணை எழும்பாத காலம். ஆடிப் பெருக்குக்குக் காவிரிக் கரையில் கூடிய ஜனம் கலைந்த ஒரு வாரத்தில் வாந்திபேதி கிளம்பியது. பரமத்தி வேலூருக்குக் கிழக்கே, வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு தென்னந்தோப்பு. அதில் கீற்றுக் கொட்டகை போட்டு ஒரு டாக்டரையும் என்னையும் அனுப்பினார்கள். வந்தவர் எத்தனை, போனவர் எத்தனை என்று நான் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டியது ஒரு பரிசல்காரனையும் அவன் பெண்சாதியையும் பற்றி. அவன் பிழைப்பானா என்பதுதான் அங்கிருந்த நாளெல்லாம் அவளுக்கு ஒரே கேள்வி. அவன் படுப்பதற்கு முன்பே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

என் விரலில் ஒரு குத்து

டாக்டர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லி. கோபம் மட்டும் தடி. முதல் நாளே வேலையைச் சொல்லிவிட்டார். வாந்திபேதிக்காரனின் உடம்பிலுள்ள தண்ணீர் முழுக்கக் குடல் வழியே போய்விடும். மிச்சமுள்ள ரத்தம் வெல்லப்பாகு மாதிரி இறுகும். நாடி விழும். முழங்கை மடிப்பில் கீறி, நரம்பில் வெள்ளிக் குழாயைச் சொருகி, உப்புத் தண்ணீர் ஏற்ற வேண்டும். ஒரு பைண்ட் தண்ணீருக்கு நூற்றிருபது கிரெயின் உப்பு. உப்பை நிறுத்துக் கலக்குவது என் பாடு.

"போனது தண்ணீர்தானே? தண்ணீரையே ஏற்றினால் என்ன?" என்று கேட்டேன். டாக்டர் என் கையைப் பிடித்து இழுத்து விரலில் ஊசியால் குத்தினார். இரண்டு சின்னக் கிளாஸ். ஒன்றில் உப்புத் தண்ணீர், ஒன்றில் காய்ச்சி ஆறவைத்த வெறும் தண்ணீர். இரண்டிலும் என் ரத்தம் ஒவ்வொரு சொட்டு. உப்புத் தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி கலங்கலாகவே நின்றது. வெறும் தண்ணீர் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் தெளிந்துவிட்டது. கலங்கல் போய், செம்பருத்தியைக் கசக்கிப் பிழிந்த சாறு மாதிரி ஆயிற்று. அதற்குப் பின்னால் பத்திரிகையைப் பிடித்தார். எழுத்தைப் படிக்க முடிந்தது.

ரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத மணிகள் இருக்கின்றனவாம். ஒவ்வொரு மணிக்கும் ஒரு தோல். அந்தத் தோல் தண்ணீருக்கு வழி விடும், உப்புக்கு லேசில் விடாது. வெளியே உப்பு அதிகமானால் மணிக்குள்ளிருக்கும் தண்ணீர் வெளியே வந்து மணி சுருங்கும், உப்புப் பிசறிய மாங்காய்த் துண்டு தண்ணீர் விடுவது போல. வெளியே வெறும் தண்ணீரானால் அது மணிக்குள் போகும். போய்ப் போய் மணி உப்பி, தோல் கிழியும். கிளாஸில் நான் பார்த்தது கிழிந்த மணியின் சாயம். "அதை உள்ளே தள்ளுவது யாருங்க?" என்று நான் விடாமல் கேட்டேன்.

"தள்ளவும் ஆள் வேணாம், இழுக்கவும் ஆள் வேணாம். உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணி தானாப் போவும். நீ உப்புப் போட மறந்தேன்னு அது நின்னு யோசிக்காது, தெரிஞ்சுக்கோ."

நிபந்தனை

தண்ணீர் காய்ச்ச ஆள் கிடைக்கவில்லை. ஊர் ஜனம் கொட்டகை இருந்த திசையைப் பார்த்து மூச்சுவிடக்கூடப் பயந்தது. நாலாம் நாள் காலையில் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். பாவாயி என்று பேர். கொட்டகை போடுவதற்கு முந்தின வாரம் இரண்டு குழந்தைகளையும் ஒரே நாளில் ஆற்று மணலில் புதைத்தவள். புருஷன் செங்கோடன் பரிசல் ஓட்டுகிறவன். தென்கரையில் விழுந்தவர்களை அக்கரையிலிருந்து பரிசலில் போட்டுக் கொண்டுவருவது அவன்தான். மற்றப் பரிசல்காரர்கள் துடுப்பை வீட்டில் வைத்துவிட்டார்கள். இவன் வைக்கவில்லை.

அடுப்பு எங்கே என்று அவள் கேட்கவில்லை. கூலி என்ன என்றும் கேட்கவில்லை. "ஒரு பேச்சு இருக்குதுங்க" என்றாள். "அந்த மனுசன் சொன்னாக் கேக்கறதில்லீங்க. வாந்திக்காரனத் தூக்கித் தோள்ள போட்டுக்கிட்டு வாரதே பொழப்பாப் போச்சு. என்னிக்காச்சும் ஒரு நா அவருக்கும் வரும். அன்னிக்கு மொதப் பாட்டலு அவருக்குத்தான் போடோணும். பண்ணாடி ஊட்டு ஆளு பக்கத்துல காத்துக்கிட்டுக் கெடந்தாலும் அவருக்குத்தான் மொதல்ல. சொல்லுங்க சாமி."

பண்ணாடி என்றால் அந்தப் பக்கத்தில் நிலச்சுவான்தார். சரி என்றேன். அந்த வாய் வார்த்தை அவளுக்குப் போதவில்லை. உள்ளங்கையை நீட்டினாள். அடித்துக் கொடுத்தேன். என் கையிலிருந்த டிஞ்சர் அவள் கையில் ஒட்டியது. அதைத் துடைக்காமல் உற்றுப் பார்த்தாள்.

"கையடிச்சுக் குடுத்திருக்கறீங்க. மறந்தறாதீங்க."

காய்ந்து செத்தவர்

ஒரு நாள் செங்கோடன் ஒரு பெரியவரைக் கொண்டுவந்தான். தென்கரையில் நல்ல நிலபுலமுள்ள குடும்பம். கண் குழியில் போய்விட்டது. நாக்கு செருப்புத் தோல் மாதிரி. விரல் நுனியெல்லாம் நாளெல்லாம் துணி துவைத்தவன் விரலாகச் சுருங்கியிருந்தது. எப்போது தண்ணீர் கொடுத்தீர்கள் என்று கூட வந்த மகனைக் கேட்டேன். முந்தா நாள் என்றான். "குடிக்கக் குடிக்கத்தானுங்க போவுது. குடுக்காத இருந்தாத் தானா நிக்குமுன்னு அடைச்சு வெச்சோம்." பெரியவர் தண்ணீர் தண்ணீர் என்று கத்தியதைக் கேட்டுக்கொண்டு, சொம்பை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, வீடே உட்கார்ந்து அழுதிருக்கிறது. பாசத்தில்தான்.

நரம்பு தேடினேன். கிடைக்கவில்லை. காய்ந்த நூல் மாதிரி ஒட்டிக் கிடந்தது. டாக்டர் கீறி எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. மகன் ஆற்றுக்குப் போய் முகம் கழுவினான். செங்கோடன் பரிசலைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னான்.

"கரை ரெண்டையும் தொட்டுக்கிட்டுத் தண்ணி போவுது. நடுவுல பரிசல்ல ஒரு மனுசன் காஞ்சு சாவறான். நல்லா இருக்குதுங்க நாயம்!"

குளிர்

உப்புத் தண்ணீர் ஏறி முடிந்ததும் பாதிப் பேருக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். பல் கிட்டும். நாலு கம்பளி போட்டாலும் அடங்காது. அரை மணி நேரத்தில் அடங்கி வியர்க்கும். நாடியும் வரும். இதை நாம் அறிவோம், பார்க்கிறவர்கள் அறிவார்களா? எருமப்பட்டிப் பக்கத்திலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்த ஒரு கிழவி, தன் மருமகன் நடுங்குவதைப் பார்த்தாள். நேராக வந்து கையிலிருந்த குழாயைப் பிடுங்கி எறிந்தாள். வண்டியைப் பூட்டச் சொன்னாள். ஏற்றிக்கொண்டு போனாள். டாக்டர் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார். வண்டியிலிருந்து கிழவி திரும்பிப் பார்த்தாள்.

"செத்தா வந்த சீக்குல சாவறான். நீங்க ஒண்ணும் புதுசாக் குடுத்தனுப்ப வேண்டாமுங்க."

விளக்கு வைத்த பிறகு

உப்பு வில்லைகள் சேலத்திலிருந்து வர வேண்டும். ஒரு வாரம் வரவில்லை. கையில் வைத்திருந்த உப்பையும் நிறுத்து நிறுத்துத் தீர்த்துவிட்டேன். பள்ளிபாளையத்துத் தறிக்காரன் ஒருத்தன் நாடியில்லாமல் கிடந்தான். அடுப்பு உப்பானாலும் போதும், கரைத்து வடிகட்டிக் கொதிக்க வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். ஊருக்குள் ஓடினேன். பொழுது விழுந்து ஒவ்வொரு வீட்டிலும் அப்போதுதான் விளக்கை ஏற்றியிருந்தார்கள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். விளக்கு வைத்த பிறகு உப்பு கேட்கக் கூடாது, கொடுக்கவும் மாட்டார்கள். மூன்று வாசலில் நின்றேன். உயிர் போகிறது என்றேன். பெரிய வீட்டு அம்மாள் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "வெடியால வாங்க சாமி, ஒரு மொறம் நெறயத் தாரேன்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். விடிந்தால் அவன் எங்கே இருப்பான்?

திரும்பி வந்தால், பாவாயி தன் குடிசையிலிருந்து உப்புப் பானையையே இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். உப்பை அளந்து போட்டேன். ஏற்றினோம். தறிக்காரன் மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து புகையிலை கேட்டான். ஆனால் பானையை இறக்கிய அந்தியில் அவள் முகத்தில் இருந்தது சந்தோஷமல்ல, பயம்.

"உப்பு வெளிய போனா ஊட்டு மவாலட்சுமி போயிருவாளாமுங்க. ரெண்டு புள்ளயத்தான் குடுத்தாச்சே, இன்னும் எடுத்துக்கிட்டுப் போவ ஒருத்தருதானுங்களே இருக்கறாரு."

கழுத்தில் நூல்

அந்த அந்தி எனக்குப் பாடம். அதற்கப்புறம் பாட்டில்களை முன்கூட்டியே கலக்கி வைத்தேன். ஆனால் எல்லாவற்றையும் அல்ல. கலக்கி ஒரு நாளைக்கு மேல் ஆனதை டாக்டர் ஏற்ற மாட்டார். அதோடு, பிழைத்தவர்கள் குடிக்க வெறும் தண்ணீரும் காய்ச்சி மூடி வைக்க வேண்டும். பாட்டில்களோ ஒரே ஜாதி. துரைமார் தங்கும் பங்களாவிலிருந்து பொறுக்கி வந்த சீமைச் சாராயப் பாட்டில்கள். பலகையில் வரிசையாக நின்றால் எது உப்பு, எது சும்மா என்று பெற்றவளுக்கும் தெரியாது. இடம், வலம் என்று பிரித்து வைத்தால் அவசரத்தில் எவனாவது மாற்றி வைக்கிறான். ஆகவே உப்புப் போட்டதும் பாட்டில் கழுத்தில் ஒரு நூல் கட்டினேன். தறிக்காரன் வீட்டார் விட்டுப் போன வெள்ளை நூல். வெள்ளை என்று பேர்தான். என் விரலிலுள்ள டிஞ்சர் பட்டு, கட்டி முடிக்கும்போதே மஞ்சளாகிவிடும்.

பாவாயியிடம் இதைச் சொன்னேனா? சொல்லவில்லை. அவள் வேலை காய்ச்சுவது, என் வேலை கலக்குவது. அவளுக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். நம்மில் யார்தான் அடுப்படிக்காரிக்கு மருந்து விவகாரம் சொல்லியிருக்கிறோம்? செங்கோடன் ஒருத்தன்தான் கேட்டான். மூங்கில் தூணில் சாய்ந்துகொண்டு, நான் முடிச்சுப் போடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். இதெல்லாம் எதற்கு என்றான். அடையாளத்துக்கு என்றேன். வரிசையை எண்ணிவிட்டுச் சிரித்தான்.

"இத்தன பேருக்குத் தாலி கட்டிப் போட்டீங்களே கம்பவுண்டருங்க, எப்பிடி வெச்சுக் காப்பாத்துவீங்க? எனக்கு ஒருத்தியே கண்ணுல வெரல உட்டு ஆட்டறா!"

மூன்று பேர்

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. டாக்டர் பரமத்தி வேலூருக்குப் போயிருந்தார். காலை வெயில் ஏறுகிற நேரம் பரிசல் கரையில் முட்டியது. வழக்கமாக அவன் நோயாளியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்துவிடுவான். அன்று இரண்டு பேரையும் மணலில் இறக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டான். நான் இறங்கிப் போனேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கம்பவுண்டருங்க, இன்னிக்கு மூணு பேருங்க" என்றான். இரண்டு பேர்தானே என்று பரிசலைத் திரும்பிப் பார்த்தேன். அப்புறம்தான் அவனைப் பார்த்தேன். நகம் நீலம். கெண்டைக்கால் கட்டி கட்டியாகச் சுருண்டிருந்தது. நடு ஆற்றிலேயே ஆரம்பித்திருக்கிறது. திரும்பிப் போனால் இரண்டு பேர் போவார்கள் என்று துடுப்பை விடாமல் வந்திருக்கிறான்.

தூக்கி வந்து போட்டோம். மற்ற இருவரில் ஒருவன் பண்ணாடி ஒருத்தருடைய மச்சினன். அவனோடு வந்தவர்கள் என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். உதறினேன். கையடித்துக் கொடுத்தது கொடுத்ததுதான். பலகையில் கை நீட்டி, நூல் கட்டிய முதல் பாட்டிலை எடுத்தேன். நரம்பு உடனே கிடைத்தது. துடுப்புப் போட்ட கையல்லவா. பாட்டிலை உயர்த்திப் பிடிக்க ஒருவர் வேண்டும். பாவாயிதான் பிடித்தாள். கை கடுத்தும் இறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பாட்டில் காலியானபோது அவன் "இடுப்பு வுட்டுப் போவுதுங்க" என்று நெளிந்தான். சதை இழுக்கிற நோய், அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது பாட்டில் போட்டேன். நாடி வந்தது. குளிர் வந்து அடங்கியது. கண் திறந்தான்.

வாந்திபேதிக் கொட்டகையில் நாடி வந்தால் போதாது. மூத்திரம் வர வேண்டும். அதுவரை பிழைப்பான் என்று நாம் வாய் திறப்பதில்லை. இது அங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். உச்சிப் பொழுதில் பாவாயி ஒரு மண் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஓடுகிற ஓட்டத்தில் சேலை தடுக்கியும் சட்டியைச் சாய்க்கவில்லை. நான் சட்டிக்குள் பார்த்தேன். கருப்பட்டி கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது.

"சாமி, ஒண்ணுக்குப் போயிட்டாருங்க! பொழச்சுக்கிட்டாருங்க சாமி, பொழச்சுக்கிட்டாரு!"

நாக்கு

சட்டியை வாங்கி வைத்தேன். நடந்து போய் முதல் பாட்டிலை எடுத்தேன். அடியில் இரண்டு சொட்டு நின்றது. விரலை விட்டு நாக்கில் வைத்தேன். சப்பென்று இருந்தது. இன்னொரு தரம் வைத்தேன். என் நாக்கு மரத்துவிட்டது என்று நம்பப் பார்த்தேன். இரண்டாவது பாட்டிலின் அடியைத் தொட்டு வைத்தேன். கரித்தது. மற்ற இரண்டு பேருக்கு ஏற்றிய பாட்டில்களின் அடியும் கரித்தது.

பலகையைப் பார்த்தேன். முந்தின அந்தியில் நான் கலக்கியது ஐந்து பாட்டில். அத்தனையிலும் நூல் இருந்தது சரி. குடிக்க வைத்த சும்மா தண்ணீர்ப் பாட்டில்களிலும் நூல் இருந்தது. டிஞ்சர் மஞ்சளும் மஞ்சள் கிழங்கு மஞ்சளும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வேறு. இழுத்து மோந்து பார்த்தேன். பாதி நூலில் மஞ்சள் வாசம் அடித்தது. பாவாயியைக் கூப்பிட்டு, யார் கட்டியது என்று கேட்டேன். குரலை எழுப்பாமல்தான் கேட்டேன். அவளுக்கோ அன்று உலகமே சிரித்துக்கொண்டிருந்தது. விளக்கு வைத்த பிறகு உப்பைக் கொடுத்த தோஷத்துக்கு, மாரியாத்தாளுக்கு வேண்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமை விடியலில் குளித்து ஈரச் சேலையோடு வந்து காப்புக் கட்டியிருக்கிறாள். அடுப்புக்கு, பானைக்கு, பரிசல் துடுப்புக்கு. பாட்டில்களுக்கும் நான் ஏற்கனவே காப்புத்தான் கட்டுகிறேன், பாதியில் விட்டுவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள்.

"நீங்க கட்டாத உட்டதுக்கெல்லாம் நாங் கட்டிப் போட்டனுங்க சாமி. ஒண்ணக்கூட உடலீங்க."

இரண்டு நாள்

டாக்டர் வந்ததும் சொன்னேன். அவர் செங்கோடன் விரலில் குத்தி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்துச் சாய்த்து வைத்தார். சிவப்பு அடியில் இறங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். மேலேயும் சிவப்பாகவே நின்றது. வெடித்த மணிகளின் சாயம். அவ்வளவு சாயமும் மூத்திரப் பையை அடைவதற்கு முன்னால் வடிகட்டுகிற இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும் என்றார். என்ன செய்யலாம் என்றேன். சோடா உப்புக் கரைத்துக் கொடு, குடிக்கக் கொடு, காத்திரு என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

சனிக்கிழமை சட்டியில் ஒரு மடக்கு, கருப்பாக. ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை. வாந்தியும் பேதியும் வெள்ளிக்கிழமையே நின்றுவிட்டன. நோய் போய்விட்டது, ஆள் மட்டும் போய்க்கொண்டிருந்தான். முகம் வீங்கி அதைத்தது. வாய் ஓயாதவன், பேச்சைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினான். நான் பக்கத்தில் போகாமல் வேலை பார்த்தேன். கூப்பிட்டு அனுப்பினான். போனேன். "ஏனுங்க கம்பவுண்டருங்க, வவுறுதான் நின்னு போச்சே, அப்பறம் எனக்கு என்னதானுங்க?" என்றான். எனக்குப் பதில் தெரியும். ரெண்டு நாளில் சரியாகும் என்றேன். ஞாயிறு பொழுது சாயும் முன்னால் முடிந்தது.

டாக்டர் புத்தகத்தை விரித்து, பேரெழுதி, காரணம் என்ற கட்டத்தில் வாந்திபேதி என்று எழுதினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். நான் எதற்கு நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியும். மையை ஒற்றினார்.

"என்னையும் உன்னையும் இங்கேருந்து எடுத்துட்டா, கொட்டகையில கிடக்கிற பதினோரு பேருக்கும் நாளைக்கு யார்யா ஊசி போடுவா? போ, உப்பை நிறு."

மூன்றாம் நாள் காலை

நூல்களையெல்லாம் அறுத்து அடுப்பில் போட்டேன். உப்புப் போட்ட பாட்டில்களுக்குச் சுண்ணாம்பால் பட்டை அடித்தேன். எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஏற்றும் தண்ணீரில் விரலை விடக் கூடாது, ஆகவே ஒரு பஞ்சில் நாலு சொட்டு சாய்த்து, அதை நாக்கில் தொட்டுப் பார்த்தேன். இதெல்லாம் ஒரு வாரம் முன்னால் தோன்றியிருக்க வேண்டிய புத்தி.

பாவாயி இனி வர மாட்டாள் என்று நினைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் வந்துவிட்டாள். நெற்றி வெறுமையாக இருந்தது. நேரே அடுப்படிக்குப் போய்ச் சாம்பலை அள்ளினாள். வீட்டில் இருக்கக் கூடாதா என்றேன். "ஊட்டுல ஆருங்க இருக்கறாங்க?" என்றாள். உலை வைத்தாள். பாட்டில் கழுவ வந்தவள் பலகையைப் பார்த்து நின்றுவிட்டாள். "ஏனுங்க சாமி, காப்பை அவுத்துப் போட்டுட்டீங்களா?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். உண்மையாகத்தான் திறந்தேன். அவள் கையில் கழுவாத ஒரு பாட்டில் இருந்தது. அதன் கழுத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே அவள்தான் முந்திக்கொண்டாள். என்னைத் தேற்றுகிறாளாம். அந்த மனுசனுக்குச் செய்ய வேண்டியதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லையாம். பண்ணாடி வீட்டு ஆட்கள் இழுத்தபோதும் முதல் பாட்டிலை அவனுக்கே எடுத்தேனாம். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்து, என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"அவரு பாட்டல்ல நாங் கட்டுன காப்பு இருந்துச்சுங்க சாமி, நாந்தான கையில புடிச்சுக்கிட்டு நின்னேன், பாத்தேன். என்ற புள்ளைக ஒரு பொழுதுகூடத் தாங்கல. அந்தக் காப்புக் கவுத்துனாலதான் இவரு ரெண்டு நாளாச்சும் எங்கூடப் பேசிக்கிட்டு இருந்தாருங்க."

நம் தொழிலில் செய்த தப்புக்குத் தண்டனை கிடைப்பதில்லை, கும்பிடுதான் கிடைக்கிறது. அதை எப்படி வாங்கிக்கொள்வது என்று கேட்கிற பரீட்சை எதையும் கம்பவுண்டர்களுக்கு வைப்பதில்லை.